பிஷர் துரையின் பூர்வீகம்

தன் பெயரிலிருந்து ஜெர்மனியை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று துரை கேட்டுக்கொண்டபோது, சபாநாயகம் பிள்ளை அதையும் மற்ற ஆபீஸ் வேலைகளில் ஒன்றாகத்தான் நினைத்தார். "ஆகட்டும் சார்" என்று சொல்லிவிட்டு வாசல்வரை போன பிறகுதான், கேட்டது என்ன என்று அவருக்கு உறைத்தது. திரும்பி வந்து மேஜைக்கு முன்னால் நின்றார்.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், துறைமுக ஆபீஸுக்கு அவர் ஹெட் கிளார்க். சொந்த ஊர் சிதம்பரம். வாரம் முழுக்க ஓ.டி.யில் ஒரு அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானப் பாசஞ்சரில் ஊருக்குப் போய் நடராஜாவையும் மனைவி ராஜாம்பாளையும் பார்த்துவிட்டு வருவார். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் என்கிற சலுகை பிஷர் துரை கொடுத்தது. அதற்கு முன்னால் இருந்த துரைமார்கள் கோபத்தைத் தவிர வேறு எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை.

பிஷர் துரை வேறு மாதிரி. பருத்த உடம்பு, சிவந்த மூக்கு, கல்யாணம் ஆகவில்லை. கடலூருக்கு வந்த நாளிலிருந்து யாரையும் உரக்க அதட்டியதில்லை. தமிழ் பேசுவார், ஆனால் அதைப் படகுக்காரர்களிடம் கற்றுக்கொண்டிருந்தார். "இன்னா பிள்ளே, துன்ட்டியா?" என்று காலையில் அவர் சாப்பாட்டை விசாரிக்கும்போது, தேவாரம் ஓதும் பரம்பரையில் வந்த சபாநாயகம் பிள்ளைக்கு உடம்பு லேசாகக் கூசும். ஆனாலும் அந்த விசாரிப்பு இல்லாத காலை அவருக்குச் சப்பென்று இருக்கும்.

விஷயம் இதுதான். ஜெர்மனியோடு சண்டை ஆரம்பித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. துரையின் பாட்டனார் ப்ரேமன் என்ற ஜெர்மன் துறைமுகத்திலிருந்து சர்க்கரை காய்ச்சும் தொழிலுக்காக லண்டனுக்கு வந்தவர். இது எப்படியோ மெட்ராஸில் யாருடைய காதுக்கோ எட்டிவிட்டது. மாசி மகத்தன்று பெரிய துரை ஒருவர் நேரில் விசாரிக்க வருகிறார். பிஷர் என்பது கலப்பில்லாத இங்கிலீஷ் பெயர், அதில் ஜெர்மனியின் வாடையே கிடையாது என்று அவர் நம்பிக்கொண்டு திரும்பிப் போக வேண்டும். அதற்கு அந்தப் பெயரின் சரித்திரத்தைப் பிள்ளை தயார் செய்து தர வேண்டும்.

"ஏன் சார் நான்?" என்று கேட்டார் பிள்ளை.

"நீங்கள் எழுதும் டிராப்டில் விஷயம் எங்கே இருக்கிறது என்று மெட்ராஸில் இதுவரை யாராலும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை" என்று இங்கிலீஷில் சொன்னார் துரை. அதில் கேலி எதுவும் இல்லை. உண்மையான நம்பிக்கை இருந்தது.

சண்டை ஆரம்பித்த புதிதில் திருக்கோவிலூர்ப் பக்கம் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் பாதிரியாரைப் பாதிக் காப்பியோடு எழுப்பி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முள்வேலி போட்ட கொட்டடி ஒன்றில் வைத்திருப்பதாகக் கேள்வி. பிஷர் துரை அந்த வேலிக்குள் உட்கார்ந்து எதிரே வருகிற சிப்பாயைப் பார்த்து "துன்ட்டியா?" என்று கேட்பதை நினைத்தபோது, பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை சிதம்பரத்தில் இறங்கியவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் மச்சினன் சிற்சபேசனைத் தேடிப் போனார். சிற்சபேசன் காலேஜில் தத்துவம் சொல்லிக்கொடுப்பவர். ஜெர்மன் தத்துவத்தை ஜெர்மனிலேயே படிக்க வேண்டும் என்ற வீம்பில் அந்தப் பாஷையைத் தானாகவே கற்றுக்கொண்டவர். சண்டை வந்த மறுநாளே ஜெர்மன் புஸ்தகங்களையெல்லாம் நெல் குதிருக்குள் இறக்கிவிட்டார். பிள்ளை விஷயத்தைச் சொன்னதும் கதவைச் சாத்திவிட்டுக் குதிருக்குள் கையை விட்டு, அகராதி ஒன்றை எடுத்து உதறினார். ஒரு படி நெல் கொட்டியது.

"பேரு பிஷர் மாமா. அங்க எழுதறப்ப எஸ்ஸுக்கும் ஹெச்சுக்கும் நடுவுல ஒரு சி வரும். பாட்டன் லண்டன்ல இறங்கினதும் அந்தச் சியைத் தூக்கிப் போட்டிருக்கான். இப்ப நடக்கிற சண்டையே அந்த ஒரு எழுத்துக்காகத்தான்னு வச்சுக்கங்களேன்."

அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. பழைய காலத்தில் ஜெர்மன்காரனுக்கும் ஒரே பெயர்தான். ஊர் சிறியதாக இருந்தவரைக்கும் அது போதுமானதாக இருந்தது. ஊர் பெருத்து, தெருவுக்கு நாலு யோஹன் என்று ஆனபோது எந்த யோஹன் வரி கட்டினான், எந்த யோஹன் நிலத்தை விற்றான் என்று தெரியாமல் குழப்பம் வந்தது. மாவரைக்கிற யோஹன், இரும்படிக்கிற யோஹன், மீன்பிடிக்கிற யோஹன் என்று தொழிலைச் சேர்த்துச் சொன்னார்கள். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒட்டிய தொழில் பெயர் அப்பனிடமிருந்து மகனுக்குப் போய், வலையையே கண்ணால் பார்க்காத பேரன் தலையிலும் உட்கார்ந்துவிட்டது. கடற்கரையில் மட்டும் இல்லை; ஆறு, ஏரி, குளம் எங்கெல்லாம் மீன் உண்டோ அங்கெல்லாம் பிஷர் உண்டு. நம் பக்கத்தில் முதலியார், பிள்ளை மாதிரி ஜெர்மனியில் தடுக்கி விழுந்தால் ஒரு பிஷர்மேல்தான் விழ வேண்டும்.

"இவ்வளவையும் சொன்னா துரையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார் பிள்ளை.

சிற்சபேசன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஊரைச் சொல்லாதீங்க. அர்த்தத்தை மட்டும் சொல்லுங்க. மீன் புடிக்கிறவன்னா எந்த ஊருக்கும் பொதுதானே" என்றார்.

பிள்ளைக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் துரையிடம் அதைச் சொன்னார். துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, "நான் மீன் புட்க்கிறவன்!" என்று தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அப்போது தேநீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்த பியூன் காத்தவராயன் தேவனாம்பட்டினத்துக்காரன், மீனவர் வீட்டுப் பிள்ளை. அவன் தட்டை வைத்துவிட்டு ஓசைப்படாமல் வெளியே போனான். சாயங்காலத்துக்குள் குப்பம் முழுவதும் தெரிந்துவிட்டது, துரை நம்ம ஜாதி என்று.

மறுநாள் ஆபீஸ் வாசலில் கூட்டம். முன்னால் நின்றவர் குப்பத்துத் தலைவர் பஞ்சநாதன். அவர் பின்னால் ஆணும் பெண்ணும், தலையில் கூடைகளும், கூடைகளில் வாலை வெளியே நீட்டிக்கொண்டு வஞ்சிரமும் கொடுவாவும். சபாநாயகம் பிள்ளை மூக்கை வேட்டி நுனியால் மூடிக்கொண்டு அவர்களைத் தடுக்கப் பார்த்தார். அதற்குள் துரையே வெளியில் வந்துவிட்டார்.

பஞ்சநாதன் துரையை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ரொம்ப நாள் கழித்து ஊருக்கு வந்த உறவைப் பார்ப்பதுபோல முகம் மலர்ந்தார். "இத்தினி வருசமா பக்கத்துலயே இருந்துக்கினு ஒரு வார்த்த சொல்லலியே மச்சான்" என்றார்.

துரை கீழே இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்ற பையன்கள் உடனே மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மாசி மகத்துக்குச் சாமிகள் எல்லாம் கடலாட வரும்போது குப்பத்தோடு சேர்ந்து முன்வரிசையில் நின்று எதிர்கொள்ள வேண்டும் என்று பஞ்சநாதன் கேட்டார். பிள்ளை தொண்டையைக் கனைப்பதற்குள் துரை சம்மதித்துவிட்டார்.

மாசி மகம், அதாவது பெரிய துரை வரும் அதே நாள்.

பிள்ளை அன்று சாயங்காலமே தேவனாம்பட்டினத்துக்கு நடந்தார். பஞ்சநாதன் மணலில் உட்கார்ந்து வலை பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை பக்குவமாக எடுத்துச் சொன்னார். அது வெறும் பெயர்தான், ஜாதி இல்லை; துரையின் அப்பா மீன் பிடித்தவர் இல்லை, அப்பாவின் அப்பாவும் இல்லை.

"அப்ப பேரு எப்பிடிங்க வந்துச்சு?" என்றார் பஞ்சநாதன்.

அதற்கு முந்தின பாட்டன் யாரோ பிடித்திருக்கலாம் என்று பிள்ளை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அத்தத்தானே நானும் சொல்றேன். அவுங்க எந்தக் கரை?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை, உண்மையும் சொல்லக் கூடாது என்பதால், "வட கடல்" என்றார். ஜெர்மனிக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கடல் இருப்பதாகச் சிற்சபேசன் சொல்லியிருந்தார்.

"வடக்கன்னா, காக்கிநாடா பக்கமா?"

இல்லை என்றால் அடுத்த கேள்வி எங்கே என்பதாக இருக்கும். பிள்ளை வாயைத் திறக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஞ்சநாதன் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

இதனால் வந்த வினை கொஞ்சநஞ்சம் இல்லை. துரை வடக்கத்தி மீனவர் என்று ஆனதும் குப்பம் இரண்டாகப் பிரிந்தது. வடக்கத்தி ஆளை முன்வரிசையில் நிறுத்தலாமா என்று ஒரு கட்சி கேட்டது. உப்பளத்தில் வேலை பார்த்த ஒரு தெலுங்குக்காரரைத் துரையிடம் பேசிப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். துரை அவரைப் புதுத் தையல்காரர் என்று நினைத்துக்கொண்டு, அவர் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, கடைசியில் இடுப்பளவு எடுத்துக்கொள்ளக் கையைத் தூக்கி நின்றிருக்கிறார். அந்த மனுஷர் திரும்பி வந்து, துரைக்கு எல்லாம் புரிகிறது, ஆனால் பேச வெட்கப்படுகிறார் என்று சொல்லிவிட்டார்.

கடைசியில் பஞ்சநாதன் தீர்ப்புச் சொன்னார். வடக்கோ தெற்கோ, கடல்காரனுக்குக் கடல்தான் சாட்சி. மாசி மகத்தன்று காலையில் துரை கட்டுமரத்தில் ஏறி அலையைத் தாண்டிப் போய்வரட்டும். வந்தால் முன்வரிசை.

இதைக் கேட்டுப் பிள்ளைக்கு ஜுரமே வந்துவிட்டது. அந்த ஜுரத்தைத் துரை வாங்கிக்கொண்டால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. மகத்தன்று உடம்புக்கு முடியவில்லை என்று படுத்துவிடும்படி துரையிடம் கெஞ்சினார். துரை சிரித்துவிட்டு, "நாளிக்கி வா, நான் நிக்கிறதப் பாரு" என்றார். அவர் தினமும் சாயங்காலம் குப்பத்துப் பையன்களோடு கட்டுமரம் பழகிக்கொண்டிருந்தார். பங்களாவில் துரைக்குச் சமைத்துப்போடும் ஆரோக்கியம்மாள், மேல்பட்டாம்பாக்கத்து அம்மாள், கொடி நிறைய ஈரக் கால்சட்டைகளைக் காட்டிப் பிள்ளையிடம் முறையிட்டாள்.

துரையைத் தடுக்க முடியாவிட்டால் பெரிய துரையைத் தடுக்க வேண்டும். மாசி மகத்தன்று சிதம்பரம் கோயிலைப் பார்க்காமல் திரும்புவது வந்ததையே வீணாக்கிக்கொள்வது போல என்று மெட்ராஸுக்கு விஸ்தாரமாக எழுதிப் போட்டார் பிள்ளை. ஆச்சரியம், பெரிய துரை ஒப்புக்கொண்டார். விடியற்காலை ரயிலில் நேராகச் சிதம்பரத்தில் இறங்குவார். சிற்சபேசன் அவரைக் கோயிலில் மத்தியானம்வரை சுற்றிக் காட்ட வேண்டும். அதற்குள் கடலூரில் எல்லாம் முடிந்துவிடும்.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் மணல் தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் மேளதாளத்தோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பொரிகடலையும் கரும்பும் விற்றார்கள். துரை முழங்கால்வரை மடித்த கால்சட்டையோடு கட்டுமரத்தில் ஏறியதைப் பிள்ளை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது எதிரே சிற்சபேசன் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு மோட்டார். மோட்டாரிலிருந்து உயரமாக ஒரு வெள்ளைக்காரர் இறங்கிக்கொண்டிருந்தார்.

"கோயிலுக்குள்ள நுழைஞ்சதும் கேட்டான் மாமா, இந்தப் பக்கம் ஜெர்மன் தெரிஞ்சவங்க யாராவது உண்டான்னு" என்று சிற்சபேசன் காதோடு சொன்னார். "நான் பயத்துல, எல்லாருமே கடலூர்ல பீச்சுக்குப் போயிருக்காங்கன்னு உளறிட்டேன். உடனே கிளம்புன்னுட்டான்."

பெரிய துரை பிஷர் எங்கே என்று கேட்டார். பிள்ளையின் விரல் தானாகக் கடலைக் காட்டியது.

கட்டுமரம் மூன்றாவது அலையைத் தாண்டிப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு கையையும் விரித்தபடி துரை நின்றிருந்தார், பையன்கள் அவர் இடுப்பைப் பிடித்திருந்தார்கள். கரைக்குச் சமீபத்தில் ஒரு அலை மரத்தைப் புரட்டிவிட்டது. துரை தண்ணீருக்குள் போனார். பிறகு நுரைக்குள்ளிருந்து சிவந்த மூக்கு முதலில் வந்தது, பின்னால் துரை வந்தார். பஞ்சநாதன் ஓடிப்போய் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் தலையில் தானே தலைப்பாகையாகக் கட்டினார். அத்தனை கட்சியும் ஒன்றாகிவிட்டது.

பெரிய துரை இது என்ன கோலம் என்று பிள்ளையிடம் கேட்டார். பிள்ளை பஞ்சநாதனைப் பார்த்தார்.

"எங்க ஆளுங்க சாமி" என்றார் பஞ்சநாதன். "பேரே அதானே. அவுங்க பாட்டனாருங்க காக்கிநாடா கரை. பொழைக்க வந்த எடத்துல தொழில உட்டுட்டாங்க, ரத்தம் உடுமா?"

அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டியது பிள்ளையின் வேலை. அவர் தம் உத்தியோக வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தார்.

பெரிய துரை சிரிக்கவில்லை. பிஷர் துரையின் அருகில் போய், திடீரென்று வேறு ஒரு பாஷையில் நீளமாக ஏதோ சொன்னார். தொண்டையில் முள் சிக்கினவன் பேசுவது போல இருந்தது. பிள்ளைக்குப் புரியவில்லை. ஆனால் பக்கத்தில் சிற்சபேசனின் முகம் வெளுத்ததைப் பார்த்து அது என்ன பாஷை என்று தெரிந்துகொண்டார். ஒரே ஒரு வார்த்தை துரை தவறிப்போய்ப் பதில் சொல்லிவிட்டால் போதும், லாரிதான்.

பிஷர் துரை காதுக்குள் போன தண்ணீரைத் தலையைச் சாய்த்து உதறினார். பிறகு பஞ்சநாதனைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா மச்சான் சொல்றாரு? ஒண்ணும் பிரியலியே."

"எனக்கும் பிரியல மச்சான்" என்றார் பஞ்சநாதன்.

பெரிய துரை மறுபடியும் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிஷர் துரை அவருக்குப் பொரிகடலை வாங்கி நீட்டினார். பெரிய துரையின் முகம் தொங்கிப்போயிற்று. கிளம்பும்போது பிள்ளையிடம், இவ்வளவு தூரம் வந்தது வீண் என்று அலுப்போடு சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறினார். சிற்சபேசன் அதற்குப் பக்கத்திலேயே போகாமல் ரயிலில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

வெயில் தாழ்ந்த பிறகு பிள்ளை பங்களாவுக்குப் போனார். துரை உள்ளே தலைப்பாகையோடு குளிக்கும் தொட்டியில் உட்கார்ந்து உரக்கப் பாடிக்கொண்டிருப்பது கேட்டது. பிள்ளை பின்கட்டுப் படியில் உட்கார்ந்தார். அவர் மீன் சமைக்கும் வீட்டுப் பாத்திரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டார் என்று தெரிந்த ஆரோக்கியம்மாள் இளநீர் வெட்டிக் கொடுத்தாள். காலை நீட்டிக்கொண்டு அதைக் குடித்தபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்கு மனசு நிறைந்து இருந்தது. ஒரு நல்ல மனுஷனை வேலிக்குள் போகாமல் காப்பாற்றியாயிற்று. திங்கட்கிழமை காலையில் துரை தம்மைச் சாப்பிட்டாயா என்று கேட்பார். சனிக்கிழமைப் பாசஞ்சர் எங்கும் போய்விடாது.

"இனிமே பயமில்லம்மா" என்றார். "துரையைப் புடிச்சிட்டுப் போறதுக்குன்னே வந்த ஆளு, வெறுங்கையோட போயிட்டான்."

"புடிச்சிக்கினு போவத்தாங்க வந்தாரு" என்றாள் ஆரோக்கியம்மாள், காலி இளநீரை வாங்கிக்கொண்டே. "டில்லியில ஜெர்மன் பாஷ தெரிஞ்சவங்களுக்குன்னு பெரிய உத்தியோகம் இருக்குதாம், நம்ம தொரதான் இந்த ஊர உட்டுட்டுப் போவமாட்டேன்னு மாசக்கணக்கா எங்கிட்ட பொலம்பிக்கினு இருந்தாரு."